கால் பங்கு கூடுதல் சுமை

மாடிப்படியில் உட்கார்ந்து பெட்டியின் சக்கரங்களுக்கு கிரீஸ் தடவிக்கொண்டிருந்தார் அவர். வேலையிடத்திலிருந்து சின்ன டப்பாவில் கொண்டுவந்த கிரீஸ். பெட்டியைக் கவிழ்த்து மடியில் வைத்துக்கொண்டு, ஒவ்வொரு சக்கரமாக விரலால் சுண்டிவிட்டுக் காதைக் கிட்டே கொண்டுபோய்க் கேட்டார். நான்காவது சக்கரம் முனகியது போலிருக்கிறது. துடைத்துவிட்டு மறுபடியும் தடவினார். பிறகு பெட்டியை நிமிர்த்தித் திறந்து, பின்கட்டிலிருந்து எடுத்துவந்த செங்கற்களைப் பழைய துண்டில் சுற்றி உள்ளே அடுக்க ஆரம்பித்தார்.

"என்ன, அங்க போய் வீடு கட்டப் போறீங்களா?" என்றேன்.

"இல்ல சிஸ்டரம்மா. விமானத்துல ஒரு பெட்டிக்கு இவ்வளவுதான்னு ஒரு எடை இருக்கு. அதுக்கு மேல கால் பங்கு சேத்து ஏத்தியிருக்கேன். இத இழுத்துப் பாத்துட்டா, கெளம்புற அன்னிக்கு ஏர்போர்ட்ல கைப்பிடி தனியா பெட்டி தனியான்னு நிக்க வேண்டாம் பாருங்க."

அந்தச் செங்கல் பெட்டியை மூன்றாம் மாடி வரை இழுத்துக்கொண்டு ஏறினார், இறங்கினார். மறுபடியும் ஏறினார். சக்கரம் சத்தமே போடவில்லை. கைப்பிடியும் தாங்கியது. அவர் முகத்தில் அப்படி ஒரு திருப்தி.

அவர் லிஃப்ட் மெக்கானிக். என் வீட்டுக்கு நேர் மேல் வீட்டில் குடியிருந்தார். தெருவில் யாரும் அவரைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டு நான் கேட்டதில்லை. 'ட்ரையல்' என்பார்கள். எதையும் ஒரு முறை ஓட்டிப் பார்க்காமல் செய்ய மாட்டார் என்பதால் வந்த பெயர். கல்யாணத்துக்கு முந்தின நாள் மண்டபம் வரை வாடகைக் கார் வைத்துப் போய்வந்து, எத்தனை சிக்னல், எங்கே நெரிசல் என்று பார்த்தவர். மனைவி வாயும் வயிறுமாக இருந்தபோது, வலி எடுப்பதற்கு எத்தனையோ நாள் முன்னாலேயே அவளை ஆஸ்பத்திரிக்கு ஒத்திகை கூட்டிப் போனார். இரண்டாம் தடவை போனபோது வாசலில் இருந்த காவலாளி, "இன்னிக்கு நிஜமா, சும்மாவா?" என்று கேட்டதாக அவளே என்னிடம் சொல்லிச் சிரித்தாள்.

சிரிக்கும் விஷயம்தான். ஆனால் அந்தப் பழக்கம் எங்கிருந்து வந்தது என்று ஒரு நாள் அவர் சொன்னபோது நான் சிரிக்கவில்லை. வேலைக்குச் சேர்ந்த புதிதில், சுமைச் சோதனை செய்யாமல் திறந்துவிட்ட ஒரு லிஃப்டில் அவருடன் வேலை கற்றுக்கொண்ட ஒருவர் இருந்தார். விழுந்த கேபினின் கதவைக் கடப்பாரையால் நெம்பித் திறந்தவர் இவர். உள்ளே என்ன பார்த்தார் என்று சொல்லவில்லை.

"எட்டுப் பேரு ஏறுற லிஃப்ட்னா பத்துப் பேரு எடைய ஏத்தித்தான் ஓட்டிப் பாக்கணும் சிஸ்டரம்மா. எட்டுப் பேர வச்சுப் பாத்தா அது சோதனையே இல்ல. கால் பங்கு கூட ஏத்தணும். அத தாங்கிட்டா அப்புறம் பயமே கிடையாது."

என்னை 'சிஸ்டரம்மா' என்று கூப்பிடுவார்களே தவிர நான் நர்ஸ் இல்லை. நோயாளிகளையும் குழந்தைகளையும் பராமரிக்கப் பயிற்சி எடுத்து, ஆஸ்பத்திரியிலும் வீடுகளிலுமாக அதே வேலையில் காலத்தை ஓட்டியவள். அவர் மனைவி ஒரு ஹோட்டலில் விரிப்பு, தலையணை உறை, துண்டு இவற்றைக் கணக்குப் பார்த்து அனுப்பும் வேலையில் இருந்தாள். ஷிஃப்ட் வேலை. அவள் போகும்போது குழந்தையை என்னிடம் விட்டுப் போவாள். பெண் குழந்தை. பிடித்துக்கொண்டு நிற்க ஆரம்பித்திருந்தது. அவர் அதை 'மேடம்' என்றுதான் கூப்பிடுவார். "மேடம் சாப்பிட்டாங்களா? மேடம் இன்னிக்கு யாரையாவது கடிச்சாங்களா?" மாடியில் இருக்கும் நேரமெல்லாம் மேடம் ஒரு ஸ்பூனை வைத்துத் தரையில் தட்டிக்கொண்டிருப்பாள். அது என் தலைக்கு மேல் கேட்கும். கேட்டுக் கேட்டு, அது நின்றால்தான் நிமிர்ந்து பார்ப்பேன் என்ற நிலைக்கு வந்திருந்தேன்.

அவருக்கு வெளிநாட்டில் வேலை கிடைத்தது. அவருடைய அண்ணன் குடும்பம் முன்பே அங்கே இருந்தது. குடும்பத்தோடு மாத முடிவுக்குள் போய் இறங்கியாக வேண்டும். விசாவில் அப்படித்தான் போட்டிருந்தது. டிக்கெட் தேடும் வேலையை அவர் லிஃப்ட் நிறுவுகிற மாதிரியே செய்தார். வேலை விட்டு வந்ததும் சாப்பாட்டு மேசையில் கம்ப்யூட்டரைத் திறந்துவிடுவார். வாரத்தின் நடுவில் கிளம்பினால் மலிவு. பள்ளி விடுமுறைக்கு முன்னால் கிளம்பினால் இன்னும் மலிவு. இரண்டு இடத்தில் இறங்கி ஏறினால், நேராகப் போகும் விமானத்தில் பாதி விலை. குழந்தைக்குத் தனி இருக்கை வாங்காமல் மடியிலேயே வைத்துக்கொண்டால், கிட்டத்தட்ட ஒன்றுமே இல்லை.

"மடியிலயேவா? ஒரு பகல் ஒரு ராத்திரிக்கு மேல ஆகும்னு சொல்றீங்க. ரெண்டு பேரும் முறை வச்சுத் தூக்கினாலும் கை விட்டுப் போயிடும்" என்றேன்.

"அதுக்கு வழி இருக்கு சிஸ்டரம்மா. முன் வரிசையில சுவத்துல மாட்டுற தொட்டில் தருவாங்க. போன் பண்ணிச் சொல்லி வச்சுட்டேன்."

மலிவு டிக்கெட்டை வாங்கினார். மாற்ற முடியாது, திருப்பித் தர முடியாது என்ற டிக்கெட். அதற்குப் பிறகுதான் தொட்டில் எவ்வளவு எடை தாங்கும் என்ற விவரத்தைப் படித்தார். குளியலறையில் கிடந்த எடை மெஷினைக் கூடத்தில் வைத்து, குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஏறினார். இறக்கிவிட்டுத் தனியாக ஏறினார். கழித்துப் பார்த்தார். தொட்டில் தாங்கும் எடையை மேடம் தாண்டியிருந்தாள்.

"ரெண்டு நாள் பட்டினி போட்டா எறங்கிடும்" என்றார் விளையாட்டாக.

"உங்கள போடுறேன் பட்டினி" என்றாள் அவள், துணி மடித்துக்கொண்டே.

அவர் விளையாட்டுக்குச் சொன்னார். ஆனால் எடை மெஷினை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. தொட்டில் கிடையாது. இனி முழுக்க முழுக்க மடிதான். மேடம் ஒரு இடத்தில் உட்காருகிற பிறவியே இல்லை. மடியில் வைத்தால் நெளிந்து இறங்கிவிடும், பிடித்து வைத்தால் கூரை பறக்கக் கத்தும்.

அப்போதுதான் அண்ணி போனில் வந்தாள். நான் மேல் வீட்டில் குழந்தைக்கு வாய் துடைத்துக்கொண்டிருந்தேன். ஸ்பீக்கரில் போட்டிருந்தார்கள்.

"அட, இதுக்கா மண்டைய ஒடைச்சுக்கிறீங்க? சளிக்கு, அரிப்புக்குன்னு ஒரு சிரப் இருக்குல்ல, அத ஒரு மூடி குடுத்துடு தம்பி. எங்க ரெண்டும் பூனைக்குட்டி மாதிரி தூங்கிச்சு. பக்கத்து சீட்டு வெள்ளக்காரம்மா, 'குழந்தைங்கள நல்லா வளத்திருக்கீங்க'ன்னு பாராட்டிட்டுப் போனா."

"அண்ணி, அப்ப உங்க பசங்களுக்கு என்ன வயசு?" என்று அவள் கேட்டாள்.

"பெரியவன் ஸ்கூல் போயிட்டிருந்தான். அதுக்கென்ன, மருந்து மருந்துதானே?"

போனை வைத்ததும் நான் சொன்னேன். எனக்குச் சுற்றி வளைத்துப் பேச வராது. "அந்த மருந்த இந்த வயசுக் குழந்தைக்குக் குடுக்கக் கூடாது. அது தூக்கம் மட்டும் குடுக்காது, மூச்சையும் தூங்க வைக்கும். ஒரு சொட்டுகூட வேண்டாம்."

அவள் முகம் மாறியது. அவர் தலையை ஆட்டினார். "சரி சிஸ்டரம்மா" என்றார். ஆட்டிய தலை எனக்குப் பிடிக்கவில்லை. வேலை செய்யும் இடத்தில் வீட்டுக்காரர்கள், இதற்கெல்லாம் எதற்குச் சோதனை, சீக்கிரம் திறந்துவிடு என்று சொல்லும்போது அவர் இதே மாதிரிதான் தலையை ஆட்டுவார் என்று அவரே சொல்லியிருக்கிறார். ஆட்டிவிட்டுத் தன் வேலையைத்தான் செய்வார்.

அதற்கு அடுத்த சில நாட்களில் வீடு காலியாகிக்கொண்டே வந்தது. கட்டிலை விற்றார்கள். திரைச்சீலையைக் கழற்றினார்கள். சுவரில் காலண்டர் தொங்கிய இடம் மட்டும் வெள்ளையாக நின்றது. குழந்தைக்குச் சளி பிடித்தது. மூக்கடைத்து, வாயால் மூச்சு விட்டது. பெரிதாக ஒன்றும் இல்லை, எல்லாக் குழந்தைக்கும் வருவதுதான். ஆனால் இரண்டு நாள் சரியாகத் தூங்கவில்லை. அவளும் தூங்கவில்லை. கண்ணுக்குக் கீழே கறுத்துப் போயிருந்தாள். கிளம்புவதற்கு ஒரு வாரம்கூட இல்லை.

சனிக்கிழமை அவர் கீழே வந்து என் நாற்காலி ஒன்றை இரவல் கேட்டார்.

"எதுக்கு?"

"சும்மா, உக்காந்து பாக்கத்தான்."

எதிர் வீட்டில் இன்னும் இரண்டு வாங்கிக்கொண்டு போனார். பிறகு எக்ஸாஸ்ட் ஃபேன் ஒன்றையும் தூக்கிக்கொண்டு படி ஏறினார். வீட்டைக் காலி செய்யும் ஆள் எதற்குச் சாமான் ஏற்றுகிறார் என்று நினைத்தேன். நினைத்ததோடு விட்டுவிட்டேன்.

மறுநாள் ஞாயிறு. மதியம் நான் எனக்குத் தெரிந்த ஒரு முதியவரைப் பார்க்கப் போனேன். படுக்கையில் கிடப்பவர், வாரம் ஒரு முறை போய் முதுகைத் துடைத்துப் புண் பார்த்துவிட்டு வருவேன். சாதாரணமாக வெயில் சாய்ந்துதான் திரும்புவேன். அன்று அவருடைய மகளே எல்லாம் முடித்து வைத்திருந்ததால், போன வேகத்தில் திரும்பிவிட்டேன்.

கதவைத் திறந்ததும் தலைக்கு மேல் ஒரு இரைச்சல். மெஷின் ஓடுகிற மாதிரி, ஒரே சீரான இரைச்சல். செருப்பைக் கழற்றிவிட்டு நின்றேன். இரைச்சல் இருந்தது, ஸ்பூன் சத்தம் இல்லை. தூங்குகிறது போல என்று அடுப்பைப் பற்றவைக்கப் போனேன். மூக்கடைத்த குழந்தை இவ்வளவு இரைச்சலில் எப்படித் தூங்கும்? தீக்குச்சியை அணைத்துவிட்டு மாடி ஏறினேன்.

கதவு சாத்தியிருந்தது, தாழ் போடவில்லை. ஜன்னல்களில் கறுப்புத் துணி கட்டியிருந்தது. இருட்டுக்குக் கண் பழக ஒரு நொடி ஆயிற்று. கூடத்தில் மூன்று நாற்காலிகள் வரிசையாக, சுவரைப் பார்த்து, இடைவெளியே இல்லாமல் ஒட்டிப் போட்டிருந்தன. எதிரே பெஞ்சில் அந்த எக்ஸாஸ்ட் ஃபேன் உறுமிக்கொண்டிருந்தது. ஓர நாற்காலியில் அவள், தலை பக்கத்துச் சுவரில் சாய்ந்து, வாய் திறந்து, செத்த தூக்கம். நடுவில் அவர். இடுப்பில் பெல்ட். மடியில் குழந்தையை உட்கார வைத்து, ஒரு துணியால் தன் வயிற்றோடு சேர்த்துக் கட்டியிருந்தார்.

என்னைப் பார்த்ததும் உதட்டில் விரல் வைத்தார். முகமெல்லாம் சிரிப்பு.

"மேடம் தூங்குறாங்க" என்று கிசுகிசுத்தார். "மொத விமானம் எறங்கி, ரெண்டாவது ஏறியாச்சு."

குழந்தையின் தலை முன்னால் தொங்கியிருந்தது. மோவாய் நெஞ்சில் குத்தியிருந்தது.

ஃபேனை நிறுத்தினேன். நிறுத்திய பிறகும் மூச்சுச் சத்தம் கேட்கவில்லை. ஜன்னல் துணியைப் பிய்த்தேன். வெளிச்சத்தில் குழந்தையின் உதடு, கழுவிய துணியில் நீலம் ஏறின மாதிரி இருந்தது.

"கட்ட அவுருங்க."

"எழுந்துடும் சிஸ்டரம்மா..."

"அவுருங்கன்னு சொல்றேன்!"

அவர் விரல் அந்த முடிச்சில் தடுமாறியது. நானே இழுத்து அவிழ்த்தேன். தரையில் மல்லாக்கக் கிடத்தி, தலையை லேசாக நிமிர்த்தி, மூக்கையும் வாயையும் துடைத்தேன். நெஞ்சில் கை வைத்துப் பார்த்தேன். ஒரு மூச்சு வந்தது. அடுத்தது வருமா என்று காத்திருக்க வேண்டியிருந்தது. வந்தது. உள்ளங்காலைச் சுண்டினேன்; காலை இழுத்துக்கொள்ளவில்லை. மறுபடி சுண்டினேன். முகம் மட்டும் கொஞ்சம் சுளித்தது.

அந்தச் சத்தத்தில் அவள் விழித்துக்கொண்டாள். "என்ன ஆச்சு? என்னங்க ஆச்சு?"

"என்ன குடுத்தீங்க?" என்று அவரைக் கேட்டேன்.

அவர் மறைக்கவில்லை. அதைச் சொல்லியாக வேண்டும். எழுந்து நின்று, மேலதிகாரியிடம் சொல்வது போலச் சொன்னார். "அந்த சிரப். அண்ணி ஒரு மூடி சொன்னாங்க. நான் ஒன்னே கால் மூடி குடுத்தேன். மதியம் சாப்பாடு ஆனதும்."

"கால் எதுக்கு?"

"டெஸ்ட்டுக்கு" என்றார். "அத தாங்கிட்டா..."



"நான்தான் வேண்டாம்னேனே!" என்று கத்தினாள் அவள். "சிஸ்டரம்மா வேண்டாம்னாங்களே! அந்த பாட்டில தூக்கிப் போட்டுட்டேன்னு சொன்னீங்களே!"

"மேல போய் ஏதாவது ஆனா அங்க யாரும்மா இருக்கா?" அவர் அவள் பக்கம் திரும்பினார். "இங்கன்னா சிஸ்டரம்மா கீழயே இருக்காங்க. கயிறு அறுந்தாலும் லிஃப்ட் கீழ விழாம தண்டவாளத்த கவ்விப் புடிக்க ஒரு கவ்வி இருக்கும். அது இருக்கிற எடத்துலதானே ஏத்திப் பாக்க முடியும்? அவங்கள நம்பித்தான்..."

"நான் வீட்ல இல்ல" என்றேன். "மதியமே வெளிய போயிட்டேன். பாத்தீங்களா?"

அவர் என்னைப் பார்த்தார். செங்கல், கைப்பிடி, சக்கரம், சிக்னல் எல்லாவற்றையும் பார்த்த மனிதர். கவ்வி அதன் இடத்தில் இருக்கிறதா என்று ஒரு முறை படி இறங்கிப் பார்க்கவில்லை.

குழந்தையை நானே தூக்கிக்கொண்டேன். தோளில் போடாமல், கழுத்து மடங்காமல், கையில் கிடத்தினபடியே இறங்கினேன். "பாட்டில எடுத்துக்கிட்டு வாங்க" என்று மட்டும் அவரிடம் சொன்னேன். வாடகைக் காரில் போகும் வழியெல்லாம் குழந்தையின் உள்ளங்காலைத் தேய்த்துக்கொண்டே இருந்தேன். மூச்சு நின்றால் நான் ஊத வேண்டும். அதற்குத் தயாராக அதன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். வேறு எதையும் பார்க்கவில்லை. அவள் என் பக்கத்தில் உட்கார்ந்து, "மேடம், மேடம்" என்று அவர் கூப்பிடுகிற பெயரையே சொல்லிச் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டிருந்தாள்.

அவசரப் பிரிவில் இருந்த பெண் டாக்டர் சின்ன வயசுக்காரி, கை வேகம். ஆக்சிஜன் முகமூடி, விரலில் ஒரு வயர், காலில் ஊசி. வேலை செய்துகொண்டே, "எவ்வளவு? எப்போ? சளி எத்தனை நாளா?" என்று கேட்டாள். அவர் ஒன்றுவிடாமல் சொன்னார். மூடியின் கோடு எது, அதற்கு மேல் எவ்வளவு என்று பாட்டிலை உயர்த்திக் காட்டினார். கொடுக்கும்போது ஒரு துளிகூடச் சிந்தவில்லை என்றும் சொன்னார்.

டாக்டர் ஒரு நொடி கையை நிறுத்தினாள். "ரெண்டு வயசுக்குள்ள இருக்கிற குழந்தைக்கு இந்த மருந்தே கிடையாதுங்க. அளவு அப்புறம்தான்." பாட்டிலை வாங்கித் தட்டில் வைத்தாள். "சரியா சொன்னீங்க, அது உதவும். நிறைய பேரு சொல்லவே மாட்டாங்க."

இரவு கண்காணிப்பில் வைக்க மேல் மாடிக்கு எடுத்துப் போனார்கள். கட்டிலைத் தள்ளிக்கொண்டு லிஃப்டில் ஏறினோம். பாதியில் அது ஒரு முறை குலுங்கியது. எங்கோ இரும்பு இரும்போடு உரசியது. மற்ற நாளாக இருந்தால் அவர் காதைச் சுவரில் வைத்திருப்பார். அன்று தலையே தூக்கவில்லை. கட்டிலின் கம்பியைப் பிடித்திருந்த கையில் கிரீஸ் கறை அப்படியே இருந்தது.

மேலே இரவெல்லாம் மூன்று பேரும் திரையில் ஏறி இறங்கும் கோட்டையே பார்த்துக்கொண்டிருந்தோம். கோடு தாழ்ந்தால் மணி அடிக்கும், நர்ஸ் வந்து குழந்தையை உலுக்குவாள். பல தடவை அடித்தது. அண்ணி போன் செய்தாள், அவர் எடுக்கவில்லை. விடியும் நேரத்தில் மேடம் கண்ணைத் திறந்து, முகமூடியைப் பிடுங்கி எறிந்துவிட்டுப் பசியில் கத்தினாள். பக்கத்துக் கட்டில்காரர்கள் எல்லாம் எழுந்துவிட்டார்கள். ஒருவரும் திட்டவில்லை.

டாக்டர் வந்து பார்த்தாள். சளி முழுக்கச் சரியாகி, தானே மறுபடி பார்க்கும் வரை விமானம் ஏறக் கூடாது என்றாள். அவர் வாயைத் திறந்தார். கிளம்பும் நாள், மாத முடிவு, மாற்ற முடியாத டிக்கெட் என்று ஏதோ சொல்ல வந்தார்.

மனைவி குழந்தைக்குப் பால் கொடுத்துக்கொண்டே, அவரைப் பார்க்காமல் சொன்னாள். "நீங்க போங்க. வேலை உங்களுதுதானே. நாங்க வரவே மாட்டோம்னு சொல்லல. இதுல வர மாட்டோம்."

"மறுபடி டிக்கெட் வாங்கணும்னா..."

"தெரியும்."

"விசா தேதி..."

"அதுவும் தெரியும். எழுதிக் கேப்போம். குடுத்தா வரோம், இல்லேன்னா இல்ல." குழந்தையின் முதுகைத் தடவினாள். "எங்கள வச்சு இனிமே எதையும் பாக்காதீங்க."

அவர் வார்டுக்கு வெளியே போய் நின்றார். கொஞ்ச நேரம் கழித்து, மாற்றுத் துணி எடுத்துவர நானும் அவரும் வீட்டுக்குக் கிளம்பினோம்.

மேல் வீடு நாங்கள் விட்டுப் போன மாதிரியே இருந்தது. மூன்று நாற்காலி, பிய்ந்து தொங்கும் கறுப்புத் துணி. அவர் ஒவ்வொரு நாற்காலியாகத் தூக்கிக் கொடுக்க வேண்டிய இடத்தில் கொடுத்துவிட்டு வந்தார். நான் குழந்தையின் சட்டைகளைப் பையில் வைத்துக்கொண்டிருந்தேன். வைக்கும்போதுதான் ஒன்று உறைத்தது. அந்த வீட்டில் பல்பானாலும் பால் பாட்டில் மூடியானாலும் இரண்டு இருக்கும். உபரி இல்லாமல் அவர் வேலைக்குப் போக மாட்டார்.

"இன்னொன்னு எங்க?" என்றேன்.

அவர் புரியாத மாதிரி நிற்கவில்லை. பெட்டியைத் திறந்தார். செங்கல்கள் இன்னும் உள்ளேதான் இருந்தன. ஓரத்தில், சுருட்டி வைத்த காலுறைக்குள்ளிருந்து, மூடி திறக்காத ஒரு பாட்டிலை எடுத்து என் கையில் கொடுத்தார்.

சமையலறைத் தொட்டியில் கவிழ்த்து, நிறம் போகும்வரை தண்ணீர் விட்டேன். பாட்டிலை அலம்பிக் குப்பையில் போட்டேன்.

"வேற இருக்கா?"

"இல்ல சிஸ்டரம்மா."

நான் கையைத் துடைத்துக்கொண்டு பெட்டியின் முன் உட்கார்ந்தேன். செங்கற்களை ஒவ்வொன்றாக எடுத்துத் தரையில் வைத்தேன். ஒவ்வொரு காலுறையையும் உதறி, பெட்டியின் அடி வரை கையை விட்டுத் துழாவிப் பார்த்தேன்.